நடுவயதின் முகமும் 18 சதவீத வரியும்

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் 1885 முதல் டப்பா செட்டி கடை இருக்கிறது. அடுக்கி வைத்த தகர டப்பாக்களால் வந்த பெயர். அந்தக் கடையும் அக்கம்பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளும் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு பிரசவமோ கல்யாணமோ நடந்ததில்லை. இந்தக் கடைகளில் நலங்கு மாவுக்குச் சாமான் கேட்டால் பச்சைப் பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ் என்று ஒவ்வொன்றாக நிறுத்துக் கட்டுவார்கள். கூடவே கறுப்பாக, நெடியடிக்கும் ஒரு சிறு விதையும் சேரும். அதற்குக் கார்போகரிசி என்று பெயர். பெயரில்தான் அரிசி. வடக்கே இதைப் பாகுசி என்பார்கள்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் தியாகராய நகர் பாண்டி பஜார். குளிரூட்டிய அழகுசாதனக் கடைகளில் சொட்டுக்குழாய் வைத்த கண்ணாடிக் குப்பிகளில் 'பாகுசியால் சீரம்' விற்கிறார்கள். முப்பது மில்லிக்குப் பல நூறு ரூபாய். சென்சிடிவ் ஸ்கின்னுக்கு ஏற்றது, வயதை மறைப்பது என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். கச்சேரி சாலையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அதே விதையிலிருந்து வந்த பொருள்தான்.

1966இல் புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சுக் தேவ் குழுவினர் இந்த விதையிலிருந்து பாகுசியாலைப் பிரித்தெடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 44 பேரிடம் பன்னிரண்டு வாரம் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2018இல் வெளியானது. முகச் சுருக்கத்தையும் கருந்திட்டையும் குறைப்பதில் ரெட்டினால் என்ற பூச்சுப் பொருளுக்கு இது ஏறத்தாழச் சமம், எரிச்சலும் தோல் உரிதலும் குறைவு என்றது அந்த ஆய்வு. 44 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் எதைத் தொட்டாலும் எரியும் முகம் கொண்டவர்களுக்கு அது நல்ல செய்தி.

அதே விதையில் சொரலென் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. வெயில் படும்போது தோலைச் சுட்டுக் கறுக்க வைப்பது அதன் குணம். வெண்புள்ளிக்கு நம் வைத்தியர்கள் கார்போகரிசியைக் கொடுத்து வெயில் காயச் சொன்னதும், நவீன மருத்துவம் சொரலெனையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்துச் சிகிச்சை செய்ததும் இந்தக் குணத்தை நம்பித்தான். குளிக்கும்போது தேய்த்துக் கழுவிவிடும் மாவில் அது ஒரு சிட்டிகை சேர்வதால் பெரிய கேடில்லை. காணொளி பார்த்துவிட்டு விதையை அரைத்து எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசி, சித்திரை வெயிலில் மாட வீதிக்குக் காய்கறி வாங்கப் போனால் கொப்புளமும், அது ஆறியபின் நீங்காத கருமையும் வரலாம். நாட்டுச் சரக்கு என்பதால் எல்லாமே சாது அல்ல. குப்பியில் வருவதால் எல்லாமே மோசடியும் அல்ல. ஒவ்வொரு பொருளையும் அது என்ன, என்ன செய்கிறது என்று கேட்டுத்தான் முகத்தில் பூச வேண்டியிருக்கிறது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு அதைச் சொல்லித்தர இந்த ஊரில் யாரும் இல்லை. விற்பவர்கள் மட்டும் நிறைய இருக்கிறார்கள்.

இதை நான் எழுதக் காரணம் என் சொந்த முகம். நாற்பத்தாறாம் வயதில் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. குளித்துவிட்டு வந்தால் தோல் இழுத்துப் பிடித்தது. பத்து வருடமாகப் பூசிவந்த க்ரீம் திடீரென்று ஒருநாள் எரிந்தது. அந்த மாதம்தான் ஒரு கல்யாண மண்டபத்தில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி, இப்படிக் கறுத்துப் போயிட்டே?" என்றாள். பாசமாகத்தான் கேட்டாள். ஒருவரைப் பார்த்து 'வயதாகிவிட்டது' என்று சொல்ல நமக்கு வாய் வராது. 'கறுத்து, இளைத்துப் போயிட்டே' என்போம். நம் பேச்சில் முதுமைக்கும் கருமைக்கும் ஒரே சொல்லாகிவிட்டது. இங்கேதான் எல்லாம் கெட்டது என்று நினைக்கிறேன். மூப்பைக் கருமை என்று புரிந்துகொண்டவள் மூப்புக்கு மருந்தாக வெளுப்பைத்தான் தேடுவாள். 1975இல் வந்த ஃபேர் அண்டு லவ்லி 2020இல் க்ளோ அண்டு லவ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. சித்தியின் கேள்வி மாறவில்லை.

மறுநாள் வீட்டுக்கு அருகே ஒரு மருந்துக் கடையில் நின்றேன். மருத்துவர் சீட்டு எதுவும் அவர்கள் கேட்கவில்லை. ஒரு சின்ன ட்யூபை எடுத்து வைத்து, "எல்லாரும் இதத்தாம்மா வாங்கிட்டுப் போறாங்க. பத்தே நாள்ல பளிச்சுன்னு ஆயிடும்" என்றார் கடைக்காரத் தம்பி. ஆனது. பத்தாம் நாள் அலுவலகத்தில் இரண்டு பேர் என்ன செய்தேன் என்று விசாரித்தார்கள். எட்டு மாதம் பூசினேன். ஊருக்குப் போனபோது எடுத்துப்போக மறந்தேன். மூன்றாம் நாள் முகம் தீப்பட்டதுபோல் சிவந்தது. திரும்பி வந்து பூசியதும் அடங்கியது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிய ஆரம்பித்த பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் என் ட்யூபை வாங்கி, பொடி எழுத்தை எனக்கே படித்துக் காட்டினார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவது ஸ்டீராய்டு.

இந்த மூன்றும் சேர்ந்த கலவை மங்குக்கு உரிய மருந்துதான். மருத்துவர் பார்த்து, சில வாரங்களுக்கு மட்டும் கொடுத்து நிறுத்திவிட வேண்டியது. ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முகம் முதலில் வெளுக்கிறது. அந்தப் 'பளிச்' அதுதான். தொடர்ந்து பூசினால் கொலாஜனை அரித்துத் தோலை மெலிய வைக்கிறது, நரம்பு தெரிய வைக்கிறது, முடி வளர்க்கிறது, பரு கிளப்புகிறது. வயது தெரியக் கூடாது என்று வாங்கிய ட்யூப் முகத்தை இன்னும் பத்து வயது முதிர்ந்ததாக்குகிறது. நிறுத்தினால் எரிவதால் நிறுத்தவும் முடியாது. தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்றே ஒரு நோய்ப்பெயர் வைத்திருக்கிறார்கள். நாட்டின் பன்னிரண்டு மையங்களில் முகத் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேருக்கு ஒருவர். மருத்துவர் சங்கங்கள் பல ஆண்டு போராடியபின், 2018 மார்ச் 23 அன்று மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 'அட்டவணை எச்' பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது அதன் பொருள். நான் வாங்கியது அதற்குப் பிறகு.

தேறி வர ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில்தான் நடுவயதுத் தோல் என்றால் என்ன என்று படிக்கத் தொடங்கினேன்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. மேலை நாட்டுப் பெண்களுக்கு 51. அதற்கு நான்கைந்து வருடம் முன்பே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். தோலின் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் தடிப்பையும் காத்து நிற்பதில் அந்த இயக்குநீருக்குப் பெரும் பங்கு உண்டு. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துபோகிறது என்பது மருத்துவ நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. வேலி மெலிந்த தோட்டத்தில் எல்லாம் நுழைவதுபோல், மெலிந்த தோலுக்குள் சோப்பின் காரமும் வாசனைத் திரவியமும் எளிதாக இறங்குகின்றன. முப்பதில் ஒத்துக்கொண்ட க்ரீம் நாற்பத்தேழில் எரிவது இதனால். 'எனக்கு எப்பவும் சென்சிடிவ் ஸ்கின் கிடையாதே' என்று திகைக்கும் தோழிகளுக்கு நான் சொல்வது, தோல் மாறிவிட்டது, நாம் இன்னும் பழைய தோலுக்கே சாமான் வாங்குகிறோம் என்பதுதான்.

நம் நிறத்துக்கு இன்னொரு விதி உண்டு. மாநிறத்திலும் கறுப்பிலும் மெலனின் நிறைந்திருப்பதால் வெள்ளைத் தோலைவிடச் சுருக்கம் பல ஆண்டு தள்ளித்தான் விழும். மேலை நாட்டு விளம்பரம் கண்ணோரக் கோடுகளைக் காட்டிப் பயமுறுத்துகிறது; நமக்கு வயது முதலில் வருவது கோடாக அல்ல, மங்காக, திட்டாக, சீரற்ற நிறமாக. அதோடு, நம் தோலில் ஏற்படும் எந்த எரிச்சலும் ஆறும்போது ஒரு கருந்தடத்தை விட்டுப் போகும். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாலும் சரி, அமிலச் சீரத்தை அள்ளிப் பூசினாலும் சரி, எரிந்தால் கறுக்கும். எரிய எரியத்தான் வேலை செய்கிறது என்ற நம்பிக்கை நம் நிறத்துக்கு மிகவும் ஆகாத நம்பிக்கை.

அப்படியானால் எது வேலை செய்கிறது? நீண்ட, ஒழுங்கான மனிதச் சோதனையில் தேறியது முதலில் சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை நடந்த சோதனை அது. 55 வயதுக்குட்பட்ட 903 பேரில் ஒரு பாதியினர் தினமும் பூச வேண்டும். மறுபாதியினர் அவரவர் விருப்பப்படி. நாலரை ஆண்டு முடிவில், தினமும் பூசியவர்களின் தோலில் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. 2013இல் அந்த முடிவு வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த லாரி ஓட்டுநரின் படத்தை எந்தத் தோல் மருத்துவரும் மறந்திருக்க மாட்டார். 69 வயது, 28 ஆண்டு வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடக்கன்னம் மட்டும் வரப்பு வெட்டியதுபோல் சுருங்கித் தொங்கியது. நம் ஊர்ப் பேருந்து ஓட்டுநருக்கு அது வலக்கன்னமாக இருக்கும். மூப்பென்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி வெயில் என்பதற்கு அந்த ஒரு முகம் போதும்.

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே நிற்கிறது. நிழல் காலுக்குள் அடங்கிவிடும். புற ஊதாக் குறியீடு 11ஐத் தொட்டால் அதை மிகக் கடுமை என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. அந்தக் கடுமை நமக்குக் கோடையின் அன்றாடம். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களுக்குக் கவலையில்லை. ஒன்பதுக்கு மேல் கதை வேறு. மேகத்தையும் கண்ணாடியையும் தாண்டி வருகிற நீள்அலைப் புற ஊதாக் கதிர்தான் தோலைத் தொய்ய வைப்பது என்பதால், அலுவலக ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவரும் தப்பவில்லை.

அடையாறு சிக்னலில் முகத்தைத் துப்பட்டாவால் இறுகச் சுற்றி, முழங்கை வரை உறை மாட்டி, கண் மட்டும் தெரிய ஸ்கூட்டரில் நிற்கும் பெண்களைப் பார்த்து யாராவது கிண்டல் செய்தால் எனக்குக் கோபம் வருகிறது. இந்த ஊரில் மூப்புக்கு எதிராக யாரும் செய்யக்கூடிய மிக மலிவான, மிக அறிவார்ந்த காரியம் அது. அடர்த்தியாக நெய்த, அடர்நிறத் துணி மெல்லிய வெள்ளை மல்லைவிட அதிகம் தடுக்கும். அம்மா காலத்துக் கறுப்புக் குடையைப் பரணிலிருந்து எடுத்தவர்களும் என் கணக்கில் அறிவாளிகளே. குடையும் துணியும் காசில்லாமல் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன.

மீதிப் பாதிக்குத்தான் ட்யூப் வேண்டும். எரியும் தோலுக்குத் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்தவை ஒத்துவரும். இவை நம் நிறத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரிவது உண்மைதான். இரும்பு ஆக்சைடு சேர்த்து நிறமூட்டியவை அந்தச் சாம்பலையும் மறைக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்கு அந்த ஒளியும் பகைதான். எஸ்.பி.எஃப். முப்பதோ அதற்கு மேலோ, அட்டையில் பி.ஏ. பக்கத்தில் மூன்று கூட்டல் குறி. இவ்வளவு பார்த்தால் போதும். வாசனை இருக்கக் கூடாது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு வேண்டும். பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தடவினால் அட்டையில் எழுதியிருக்கும் எண் உங்கள் முகத்தில் இருக்காது.

இங்கேதான் 'மலிவு' என்ற சொல் நம்மைக் கைவிடுகிறது. அந்த அளவில் பூசினால் 50 கிராம் ட்யூப் ஆறு வாரம் வரும். இடையில் ஒருமுறை திரும்பப் பூசுபவருக்கு மூன்று வாரம். ஒரு ட்யூப் 400 ரூபாய் என்று வையுங்கள். அதில் 61 ரூபாய் ஜி.எஸ்.டி. சன்ஸ்கிரீனுக்கு வரி 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்களை மாற்றியபோது டால்கம் பவுடரையும் முகப் பவுடரையும் 5 சதவீதத்துக்கு இறக்கினார்கள். ஷாம்புவையும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயையும் இறக்கினார்கள். சன்ஸ்கிரீனை அழகுப் பொருளாகவே 18இல் விட்டுவிட்டார்கள். முகத்தை வெளுப்பாகக் காட்டும் பவுடர் அன்றாடத் தேவை, முகத்தை வெயிலிலிருந்து காக்கும் களிம்பு ஆடம்பரம் என்று அரசின் பட்டியலே சொல்கிறது. சித்தியின் கேள்வி சட்டமாகிவிட்டது. எஸ்.பி.எஃப். 15ஓ அதற்கு மேலோ உள்ள சன்ஸ்கிரீனுக்கு ஆஸ்திரேலியாவில் இந்த வரியே கிடையாது. தோல் புற்றுநோய் அங்கே அதிகம், நமக்குக் குறைவு. ஆகவே ஒப்பிட முடியாது என்று சொல்லலாம். முழுவிலக்கு வேண்டாம், பவுடருக்குக் கொடுத்த 5 சதவீதத்தைக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. 400 ரூபாய் ட்யூபில் 44 ரூபாய் குறையும்.

யாருக்கு அந்த 44 ரூபாய்? வடக்கு மாட வீதியில் நான் பூ வாங்கும் அம்மாவுக்கு என்னைவிட ஏழு வயது குறைவு. பிள்ளையின் பள்ளிச் சான்றிதழுக்காக ஒரு விண்ணப்பம் எழுதித் தந்தபோது தெரிந்தது. அதுவரை அவரை நான் 'பெரியம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலை ஏழு முதல் வெயிலில் உட்கார்ந்து அவர் கன்னங்களும் முன்கைகளும் என் அம்மாவின் தோலைப்போல் ஆகியிருக்கின்றன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாண்டி பஜார் நடைபாதையில் வளையல் விற்பவர்கள், விடியலில் அடையாறு தெருக்களைப் பெருக்கத் தொடங்கி உச்சிவெயில் வரை நிற்கும் தூய்மைப் பணியாளர்கள், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர்கள் என்று வெயிலை முழுக்க வாங்குபவர்கள் யாரும் அந்தக் குப்பிகளின் பக்கம் போவதில்லை. குளிரூட்டிய அறையில் இருப்பவர்களுக்காகத்தான் மூப்புக்கெதிரான சந்தை முழுவதும் இயங்குகிறது. வெளிவேலை செய்யும் மாநகராட்சிப் பணியாளருக்குக் கையுறை கொடுப்பதுபோல் அகன்ற தொப்பியும் சன்ஸ்கிரீனும் பாதுகாப்புப் பொருளாகக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது ஈரம். நம் வீடுகள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர். சோப்பு அதில் சரியாகக் கரையாமல் தோலிலேயே படிந்துவிடும். சோப்பே காரம் மிகுந்தது. முகத்துக்குச் சோப்பை நிறுத்தி, மென்மையான கழுவியோ, வெறும் தண்ணீரோ, ஒத்துக்கொண்டால் பயத்தமாவோ போதும் என்பது எனக்குக் கிடைத்த முதல் மருந்துச் சீட்டு. பிறகு, ஈரம் காயுமுன் வாசனையில்லாத ஒரு மாய்ஸ்சரைசர். கிளிசரினும் வாசலினும் அடிப்படையாகக் கொண்ட சாதாரண ட்யூப், தங்கத்துகள் கலந்ததாகச் சொல்லும் டப்பாவின் வேலையைச் செய்யும். குங்குமாதித் தைலத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அஷ்டாங்க ஹிருதயம் சொல்லும் பழைய தைலம். உலர்ந்த தோலுக்கு நல்ல எண்ணெய். சுருக்கத்தை அகற்றும் என்பதற்குச் சோதனைச் சான்று மிகக் குறைவு. பரு வருபவர்கள் எந்த எண்ணெயையும் யோசித்துத்தான் பூச வேண்டும். அட்டையில் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்றும் 'இயற்கை' என்றும் எழுத யாரும் எந்தத் தேர்விலும் தேற வேண்டியதில்லை. எந்தப் புதுப் பொருளையும் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் பூசிப் பார்ப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான தேர்வு.

ஏற்கெனவே விழுந்த சுருக்கத்தையும் திட்டையும் திருத்துவதற்கு நீண்ட சான்று உள்ள மருந்து ட்ரெட்டினாயின். பருவுக்கு அதைக் கொடுத்த பென்சில்வேனியா மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், நடுவயது நோயாளிகள் முகம் வழவழப்பானதாகச் சொல்வதைக் கவனித்து 1986இல் ஆய்வு வெளியிட்டார். 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழகச் சோதனை அதை உறுதி செய்தது. அதே கிளிக்மன் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் பல ஆண்டு சோதனைகள் நடத்தியவர் என்பதையும் சொல்லாமல் இந்த மருந்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. மருந்தின் பலன் உண்மை. அதன் பின்னே கறுப்பினக் கைதிகள் பலரின் முதுகுத் தோல் இருக்கிறது.

இந்தியாவில் ட்ரெட்டினாயின் ட்யூப் விலை அதிகமில்லை. பெயர்பெற்ற சீரம் ஒன்றின் விலையில் பல மாதத்துக்கு வாங்கலாம். ஆனால் மருத்துவர் சீட்டோடுதான். எரியும் தோலுக்கு முதலில் வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு, மாய்ஸ்சரைசருக்கு மேலே. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ளவர்கள் தொடக் கூடாது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வரும் நாற்பதுகளிலும் அந்த வாய்ப்பு உண்டு. என் தோல் அதைத் தாங்கவில்லை. எனக்கு அசலாயிக் அமிலம் கொடுத்தார்கள். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாகவே உள்ள அமிலம். மங்குக்கும் முகச் சிவப்புக்கும் சேர்த்து வேலை செய்யும், மெதுவாக. இரண்டு ஆண்டாகப் பூசுகிறேன். மங்கு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வெளிறிவிட்டது, முகம் எரிவதில்லை.

மூப்பென்று நாம் எண்ணிக்கொள்ளும் சிலவற்றுக்கு எந்த க்ரீமும் பயன்படாது. நெற்றியும் காதோரமும் சாம்பல் கலந்த கறுப்பாக மாறுகிறதா? ஹேர் டையில் உள்ள பாராபெனிலீன்டைஅமின் ஒத்துக்கொள்ளாமல் வரும் கறுப்பாக இருக்கலாம். நரை மறைக்க மாதாமாதம் டை அடித்து, அதனால் வந்த கறுப்பை மறைக்க க்ரீம் வாங்கி, அந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருந்து முகம் எரிந்த ஒரு தோழியை எனக்குத் தெரியும். ஒட்டுப் பொட்டின் பசையால் நெற்றி நடுவில் வெள்ளைத் திட்டு விழும். குங்குமத்தில் சேர்க்கும் சாயம் அரிப்பும் கறுப்பும் தரும். பின்கழுத்தும் நெற்றி ஓரமும் வெல்வெட்டுபோல் தடித்துக் கறுத்தால், தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். அது அழுக்கே அல்ல, உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். அவர் போக வேண்டியது அழகு நிலையத்துக்கு அல்ல, சர்க்கரைப் பரிசோதனைக்கு. வெளுப்பின் கண்ணாடி வழியே பார்த்துப் பழகிய நமக்கு இவை எல்லாமே ஒரே கறுப்பாகத் தெரிகின்றன.

சில சிவப்பழகு க்ரீம்களில் கலந்திருக்கும் பாதரசத்தையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைக் கோட்டக்கல் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகைச் சேதம். அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். உற்பத்தியாளர் முகவரி இல்லாமல், வெளிநாட்டு எழுத்தோடு வரும் டப்பாக்கள் நம் ஊர்க் கடைகளிலும் தொங்குகின்றன. அவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

தமிழ்நாடு அரசால் இதில் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அவை ஒவ்வொன்றிலும் வாசனையில்லாத ஒரு மாய்ஸ்சரைசரும், நம் நிறத்துக்கேற்ற ஒரு சன்ஸ்கிரீனும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். செய்து தர ஆளில்லை என்று சொல்ல முடியாது. வைத்தியர்களே கூடி 1944இல் தொடங்கிய இம்ப்காப்ஸ் கூட்டுறவு திருவான்மியூரில் இன்றும் தைலமும் லேகியமும் செய்துகொண்டிருக்கிறது. கூட்டுறவால் லேகியம் கிண்ட முடியும் என்றால் கிளிசரின் களிம்பும் செய்ய முடியும். ஜி.எஸ்.டி. மன்றத்தில் சன்ஸ்கிரீனை 5 சதவீதத்துக்கு இறக்கக் கேட்க வேண்டியது மாநில நிதியமைச்சரின் வேலை. சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்கும் கடைகளில் மருந்து ஆய்வாளர்கள் நுழைய வேண்டும். 2018ஆம் ஆண்டின் அறிவிக்கை எத்தனை கடைகளை எட்டியிருக்கிறது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

அதற்கெல்லாம் நாளாகும். இன்று இரவு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கண்ணாடி முன்னால் இருக்கும் ட்யூபை எடுத்து, பொடி எழுத்தைப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் என்று எந்தப் பெயராவது இருந்தால், அதை எழுதித் தந்தது மருத்துவர் இல்லை என்றால், ட்யூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். பல மாதம் பூசியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். எப்படி விடுவது என்று அவர் சொல்வார். மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது.